இடைவெளிக்கு விளக்கம்

என் விண்ணப்பத்தில், நான் படித்து முடித்த வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவில் அந்தப் பெண் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் வெறும் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

"இந்த கேப்புக்கு என்னக்கா சொல்றது?" என்றாள்.

வெளிநாட்டில் மேல்படிப்புக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் அது. அவள் அங்கே கவுன்சிலர். என்னைவிடச் சின்னவள். ஆனால் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாளாம். அவள் தலைக்கு மேலே சுவர் முழுக்க, விசா வாங்கிப் பறந்தவர்களின் படங்கள். எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். படங்களுக்கு மேல் 'போய்ச் சேர்ந்தவர்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. செத்தவர்களைத்தான் அப்படிச் சொல்வோம் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. முன்பெல்லாம் என்றால் இதை வைத்தே ஒரு வாரம் சிரித்திருப்பேன்.

"வீட்டுல இருந்தேன்" என்றேன்.

"வீட்டுலன்னா? கல்யாணம், குழந்தை, அந்த மாதிரியா?"

"இல்ல. அம்மா பக்கவாதத்துல படுத்துட்டாங்க. நான்தான் பாத்துக்கிட்டேன்."

"எவ்வளவு நாளு?"

"ஆறு வருஷம்."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"இப்ப இல்ல."

அவள் பேனா மூடியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "ஐயோ, சாரிக்கா" என்றாள். "பரவாயில்ல" என்றேன். இந்த உரையாடலைப் பல பேரிடம் பேசியாயிற்று. பஸ்ஸில் டிக்கெட் வாங்குவது போல எனக்கு அது பழகிவிட்டது.

அம்மா போனதிலிருந்து நான் இப்படித்தான். கோபம் வர வேண்டிய இடத்தில் கொட்டாவி வருகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். கண்ணீர் ஒரு சொட்டு வரவில்லை. 'கல்நெஞ்சக்காரி' என்று ஒரு சித்தி சொன்னது காதில் விழுந்தது. அப்போதுகூட, கல்லாக இருந்தால் எவ்வளவு வசதி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

எதற்கு வெளிநாடு என்று கேட்டால் பெரிய பதில் எதுவும் என்னிடம் கிடையாது. நான் நுண்ணுயிரியல் படித்தவள். தண்ணீரில் பரவும் கிருமிகளைப் பற்றி மேலே படிக்க வேண்டும் என்று கல்லூரி நாளில் ஒரு வெறி இருந்தது. அது இன்னும் உள்ளே இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால் போகாவிட்டால் அதே அறையில், அதே ஜன்னலோரத்தில், இப்படி மரத்துப்போயே கிழவியாகிவிடுவேன் என்பது மட்டும் தெரிந்தது. எனக்குள் உயிரோடு மிச்சம் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

கவுன்சிலர் பெண் விளக்கினாள். என் பட்டம் அவர்களுக்குச் சரி. மதிப்பெண் சரி. மொழித் தேர்வும் எழுதிவிட்டால் சரி. ஆனால் பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள் சேர்ந்துவிட வேண்டும், அதாவது எனக்கு இந்த வருஷம்தான் கடைசி. அப்புறம் இந்த வட்டம். படிப்பை விட்டு இவ்வளவு காலம் என்ன செய்தாய் என்பதற்கு அத்தாட்சியோடு விளக்கம் தர வேண்டும்.

"அம்மாவைப் பாத்துக்கிட்டேன்னு சொல்லலாமா?"

"தாராளமா சொல்லலாம். ஆஸ்பத்திரி பேப்பர் எல்லாம் வெச்சிருக்கீங்கல்ல? கூட உங்க அப்பா ஒரு லெட்டர் தரணும். 'என் மனைவிய முழு நேரமும் என் மகள்தான் பாத்துக்கிட்டா'ன்னு. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னதை நானும் நம்பிக் கிளம்பினேன். அவளுக்கு என் அப்பாவைத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனாலும் நம்பினேன்.

*

அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமானால் அவரைப் போன்ற ஒருவர் கையால் வயரைச் செருகி இணைப்புக் கொடுக்க வேண்டும். காலம் முழுக்க யாரோ இரண்டு பேரைப் பேச வைத்தே சம்பாதித்தவர், வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். 'காப்பி', 'துண்டு', 'கதவைச் சாத்து' என்பதோடு சரி. ஆனால் போன் அடித்தால் வேறு மனுஷன். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். "வணக்கம், சொல்லுங்க" என்று தேனாக ஆரம்பிப்பார். எதிர்முனையில் இருப்பவர் என்ன கேட்டாலும் முழுசாக, நிதானமாக, உண்மையாகப் பதில் சொல்வார். லைனில் பொய் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஓய்வுக்குப் பிறகு அண்ணன் அவரைத் தன் கம்பெனியில் போன் எடுக்க உட்கார வைத்திருந்தான். அண்ணன் கேன் தண்ணீர் விற்கிறான். ஊரில் அவன் பெயரே 'கேன்' என்றாகிவிட்டது. அண்ணியை 'மிஸஸ் கேன்' என்று கூப்பிட்டுவிட்டு அவள் கையால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. காலையிலிருந்து ஆர்டருக்கு மணி அடித்துக்கொண்டே இருக்கும். "மூணாவது மாடி அம்மாங்களா? முட்டி வலி எப்படி இருக்கு? பையன்கிட்ட சொல்லி மேல தூக்கி வெச்சுத் தரச் சொல்றேன்" என்பார் அப்பா. அவரோடு பேசுவதற்காகவே சிலர் தாகம் இல்லாமல் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று அண்ணி சொல்வாள்.

அப்படிப்பட்டவரிடம்தான் நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"போட மாட்டேன்."

"ஏம்பா?"

"பெத்தவளுக்குச் செஞ்சதை எழுதிக் கையெழுத்து வாங்கி, ஊரான்கிட்ட காட்டி, அதுக்குப் பதிலா ஒரு சீட்டு வாங்குவியா? அது அப்புறம் செஞ்சதாவே இருக்காது. வேற காரணம் சொல்லு."

"வேற காரணம் இல்லப்பா. அதுதான் காரணம்."

"கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, 'நீ செய்யறது பெரிய காரியம்' என்று சொன்னதில்லை. அம்மாவின் அறை வாசல் வரைக்கும் வருவார். நிற்பார். போய்விடுவார். புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை பிடிக்கச் சொன்னால் அண்ணியைக் கூப்பிடுவார். இப்போது அந்த ஆறு வருஷத்துக்கு மரியாதை போய்விடும் என்று சொல்கிறார். எந்த மரியாதை என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போதும் கொட்டாவிதான் வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான் என்று அண்ணன் சிரித்தான். "விடு. நான் தர்றேன் சர்டிபிகேட்டு. ஆறு வருஷமா நம்ம கம்பெனியில நீதான் தண்ணி டெஸ்ட் பண்ற ஆபீசர். எழுதி சீல் குத்திட்டா முடிஞ்சுது."

"பொய்யாச்சே."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு படிப்பு படிக்கக் கூடாதா? அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத."

அண்ணிக்கு இதில் இஷ்டமில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க ரெண்டு பேரும்" என்றாள். ஆனால் சீலுக்கு மை ஊற்றிக் கொடுத்தது அவள்தான். சர்டிபிகேட்டில் அண்ணன் தன் செல்போன் நம்பரைப் போட்டான். யாராவது விசாரித்தால் நேராக அவனிடம்தான் வரும், அவன் பார்த்துக்கொள்வான். கவுன்சிலர் பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். அப்படியே கோப்பில் செருகிக்கொண்டாள்.

*

கம்பெனியில் ஒரு கண்ணாடி அறை உண்டு. வாசலில் 'ஆய்வுக்கூடம்' என்று பலகை தொங்கும். இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டுவதற்காக வைத்தது. உள்ளே கிருமி வளர்த்துப் பார்க்க இருந்த சூட்டுப் பெட்டியில், இன்குபேட்டரில், டிரைவர்கள் சாப்பாட்டு டப்பாவை வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டார்கள். சர்டிபிகேட் போன மறுநாள் நான் அந்த அறைக்குப் போய் உட்கார்ந்தேன். யாராவது நேரில் வந்து பார்த்தால் நான் அங்கே இருக்க வேண்டும் என்பது அண்ணன் யோசனை.

சும்மா உட்கார முடியவில்லை. டப்பாக்களை வெளியே எடுத்து வைத்தேன். மேஜையைத் துடைத்தேன். கிருமி இருந்தால் முளைத்துக் காட்டும் அகார் கூழை வாங்கிவரச் சொல்லித் தட்டுகளில் ஊற்றினேன். கேன்களைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கழுவும் இடத்திலிருந்து ஒரு மாதிரி, நிரப்பும் குழாயிலிருந்து ஒரு மாதிரி என்று தினமும் எடுத்து அதில் விட்டு வைத்தேன். வெளியே ஈரத் தரையில் கேன்கள் உருளும் சத்தம், மூடிக்கு மேல் பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டிச் சுருக்கும் வாடை. மறுநாள் தட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் முளைத்திருக்காது. தண்ணீர் சுத்தம். எதுவும் வளராத தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்கு நிம்மதியாக இருந்தது. அண்ணன் மட்டும் டிரைவர்களிடம் பேச்சு வாங்கினான், சாப்பாடு ஆறிப்போகிறது என்று.

மொழித் தேர்வுக்கும் போனேன். பேச்சுத் தேர்வில் 'உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத மகிழ்ச்சியான நாள்' பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்பா என்னையும் அம்மாவையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனதாகவும், அலையில் என் செருப்புப் போய்விட்டதாகவும், அப்பா விழுந்து விழுந்து சிரித்ததாகவும் சொன்னேன். அப்படி ஒரு நாளே கிடையாது. எதிரே இருந்தவர் தலையாட்டி ரசித்தார். நல்ல மதிப்பெண் வந்தது.

பிறகு ஒரு நாள் கவுன்சிலர் பெண் கூப்பிட்டாள். இடம் கிடைத்துவிட்டது, தந்த தகவல்களைச் சரிபார்த்த பிறகு உறுதிக் கடிதம் வரும் என்றாள். அந்த அலுவலகத்தில் யாருக்கு இடம் கிடைத்தாலும் ஒரு வெண்கல மணியை அடிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். நானும் அடித்தேன். கைதட்டினார்கள். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை அப்புறம் சுவரில் பார்த்தேன். வழி கேட்டவருக்கு மாடியைக் காட்டுகிறவள் மாதிரி நின்றிருந்தேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா, "எப்ப?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "குளிருமா?" என்றார். "குளிரும்" என்றேன். மறுநாள் என் கட்டில்மேல் ஒரு கம்பளிக் குல்லாய் இருந்தது. 

*

சரிபார்க்கிற கம்பெனிக்காரர்கள் நாம் கொடுத்த செல்போன் நம்பரைக் கண்டுகொள்வதே இல்லையாம். கம்பெனி பெயரை வைத்து அவர்களாகவே நம்பர் தேடிப் பிடித்துத்தான் கூப்பிடுவார்களாம். இது எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் லேண்ட்லைன் நம்பரோ ஊரில் இருக்கிற ஒவ்வொரு கேன் மேலும் ஒட்டியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்கு முந்தின நேரம். அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தான். அண்ணி வங்கிக்குப் போயிருந்தாள். நான் மாதிரி பாட்டில்களைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. அப்பாவுக்கு ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"வணக்கம், சொல்லுங்க."

"வணக்கம் சார். நாங்க ஒரு சரிபார்ப்பு நிறுவனத்துல இருந்து பேசறோம்." ஒரு பெண் குரல். என் பெயரைச் சொன்னாள். "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"என் பொண்ணுதாங்க."

"ஓ, நல்லது சார். மேல்படிப்புக்கு அப்ளை பண்ணியிருக்காங்க. அதுக்காகத்தான் கேக்கறோம். ஆறு வருஷம் உங்க கம்பெனியில தண்ணி பரிசோதனை அதிகாரியா வேலை பாத்தாங்களா சார்?"

அப்பா யோசித்தார். "வேலையா? இல்லைங்களே. யாரோ தப்பா எழுதியிருக்காங்க. இப்பதான் கொஞ்ச நாளா இங்க வந்து உக்காருது."

அந்த இடத்தில் நான் போய் போனை வைத்திருக்கலாம். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். கை நீட்டினால் எட்டும்.

"அப்ப அந்த ஆறு வருஷம் என்ன பண்ணினாங்க சார்?"

"அவங்க அம்மாவைப் பாத்துக்கிச்சும்மா." அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் தேன் வந்துவிட்டது. "என் வீட்டுக்காரிக்கு ஒரு பக்கம் மொத்தமா விழுந்துடுச்சு. பேச்சும் போச்சு. இது படிப்பை முடிச்ச கையோட வந்து உக்காந்துச்சு பாருங்க, அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. ஆறு வருஷம் படுத்த உடம்பும்மா, முதுகுல ஒரு புண்ணு வரல. ஒரு புண்ணு! டாக்டரே கேட்டாரு, எந்த நர்ஸை வெச்சிருக்கீங்கன்னு. நர்ஸ் இல்லைங்க, என் பொண்ணுன்னு சொன்னேன்."

டாக்டர் அப்படிக் கேட்டதே எனக்குத் தெரியாது.

"சரிங்க சார்" என்றது குரல். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எனக்குப் பக்கத்துல போகவே பயம்மா. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? அவ அப்படிக் கெடக்கறதைப் பாத்தா எனக்குக் கை கால் உதறும். வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துடுவேன். இது பயப்படல. ராத்திரி பகல் பாக்கல. அவளுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, பொட்டு வெச்சு... கடைசி வரைக்கும் அவளை மனுஷியா வெச்சிருந்துச்சும்மா. என் பொண்ணுன்னு சொல்லல. இந்த மாதிரி ஒரு ஆளை நீங்க சேத்துக்கிட்டா உங்களுக்குத்தான் பெருமை."

பாட்டில்களைப் பிடித்தபடி நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் படிப்பு என் கண் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தது. ஆனால் நான் அசைந்தால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய பயமாக இருந்தது. இன்னும் சொல்லட்டும், இன்னும் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நின்றேன்.

"ரொம்ப நன்றி சார். இவ்வளவு விவரமா யாரும் சொல்ல மாட்டாங்க."

"எப்ப வேணா கூப்பிடுங்கம்மா" என்று போனை வைத்தார். திரும்பினார். என்னைப் பார்த்ததும் முகம் பழையபடி மூடிக்கொண்டது.

"உன்னைப் பத்தி விசாரிச்சாங்க."

"என்னப்பா சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார். "தண்ணி குடு."

*

கடிதம் நாகரிகமாகத்தான் இருந்தது. தந்த வேலைச் சான்று உண்மையில்லை என்று தெரியவந்ததால் இடம் ரத்து. அடுத்த மூன்று வருஷத்துக்கு அந்த நாட்டின் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கத் தகுதி இல்லை. அப்பா சொன்னது போலவே ஆறு வருஷமும் தாயைப் பராமரித்ததாகச் சொல்லியிருந்தால் அதை ஏற்றுக்கொண்டிருப்போம் என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. அதை அவர்கள் எழுதாமல் விட்டிருக்கலாம்.

"மூணு வருஷம் கழிச்சுன்னா உங்க டிகிரி அவங்களுக்குச் செல்லாதுக்கா" என்றாள் கவுன்சிலர் பெண். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் என் படம் இருந்த இடத்தில் அதற்குள் இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தவளை கத்தியது, கெட்டது பக்கத்தில் இருந்த மீன். ஆனால் நான் அப்பாவிடம் சொல்வதாக இல்லை. இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அண்ணனால் முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"எல்லாம் உங்களாலதாம்பா."

"நான் என்னடா பண்ணேன்?"

"போன்ல என்ன சொன்னீங்க? வேலையே பாக்கல, அம்மாகூட இருந்தான்னு சொன்னீங்கல்ல?"

"உண்மையைத்தானே சொன்னேன். நல்லதுதானே சொன்னேன்?"

"அந்த உண்மைய எழுதிக் கையெழுத்துதானே கேட்டா அன்னைக்கு! அப்ப மாட்டேன்னீங்க. அதனால நான் பொய் சர்டிபிகேட் குடுத்தேன். இப்ப ஊரான்கிட்ட போன்ல எல்லாத்தையும் கொட்டிட்டீங்க. அவளை நல்லவன்னு சொல்லிச் சொல்லியே கெடுத்துட்டீங்க."

அண்ணி அவன் கையைப் பிடித்து, "விடுங்க, போதும்" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "போயிருப்பேன்பா" என்றேன்.

"இப்ப போட்டுத் தர்றேன். குடு."

"இப்ப ஆகாதுப்பா."

அவர் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாள் கம்பெனியில் போன் அடித்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே போனது. அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அடித்து ஓய்ந்தது. கேன் கழுவுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி அடித்தபோது அண்ணி ஓடிவந்து எடுத்தாள். அதற்கப்புறம் அண்ணிதான் எடுத்தாள். மூன்றாவது மாடி அம்மாள், பெரியவருக்கு உடம்பு ஏதாவதா என்று கேட்டாளாம்.

நான் வழக்கம்போலக் கண்ணாடி அறைக்குப் போய்வந்தேன். இனி யாருக்காகவும் அங்கே உட்கார வேண்டிய அவசியம் இல்லை. வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, அதனால் போனேன்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பா அந்த அறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் உள்ளே வந்ததில்லை. வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து எனக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவங்க இன்னொரு தடவ கேப்பாங்கல்ல?" என்றார்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "கேப்பாங்க."

"கேட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக் குடு. அப்படியே சொல்றேன்."

"வேணாம்பா. உங்களுக்கு வராது."

"வரும். நீ கேளு. அந்தப் பொண்ணு கேட்ட மாதிரியே கேளு."

தட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தேன். அவர் முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, வகுப்பில் எழுப்பிவிட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்தப் பேர்ல ஒருத்தங்க உங்க கம்பெனியில வேலை பாத்தாங்களா?"

"பாத்தாங்க." முதல் பொய் சுலபமாக வந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம்.

"எத்தனை வருஷம்?"

"ஆறு வருஷங்க. இந்த ரூம்லதான். தண்ணியெல்லாம் அவங்கதான் டெஸ்ட் பண்ணுவாங்க."

"வேலை எப்படிப் பண்ணுவாங்க சார்?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். கண்ணை எடுக்கவில்லை. "ஒரு குறை சொல்ல முடியாதுங்க" என்றார். "அவங்க மாதிரி யாரும் பண்ண முடியாது. நான் அவங்ககிட்ட சொன்னதில்ல. சொல்லியிருக்கணும்."

ஒரு தட்டின் மூடியைச் சரிசெய்து வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

"நடுவுல லீவு ஏதாவது எடுத்தாங்களா? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம..."

அவர் வாய் திறந்தது. மூடியது. நெற்றியில் வேர்த்தது. விட்டுவிடுங்கள் அப்பா என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, போனில் பேசுகிற அந்த நல்ல குரலில் சொன்னார்.

"அதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. அவங்க அம்மா நல்லா இருக்காங்க. வீட்டுலதான் நடமாடிட்டு இருக்காங்க."

அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

"சரியா சொன்னேனா?" என்று கேட்டார்.

"சரியா சொன்னீங்கப்பா" என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, கேன் கழுவுகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி வந்தது. அப்பா எழுந்து வாசலுக்குப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.